நாலு விரல் கூடுதல்

கிதியோன் நீராவி எஞ்சினை விட்டு டீசல் எஞ்சினுக்கு மாறிய வருடம் அவருடைய எடை எண்பத்தோரு கிலோ. அடுத்த எட்டு வருடத்தில் அது நூற்றுப் பன்னிரண்டு ஆகியிருந்தது. இதில் தன் தவறு துளியும் இல்லை என்பது அவருடைய கட்சி. முன்பெல்லாம் எஞ்சினில் ஏறினால் இறங்கும்வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும். அடுப்பின் அனலில் பாதி உடம்பு வேர்வையாக ஓடிவிடும். டீசலிலோ மெத்தை தைத்த இருக்கை, கைக்கெட்டும் தூரத்தில் கைப்பிடி, காலடியில் நாலடுக்கு டிபன் கேரியர். உடம்பு வேலையை விட்டு எட்டு வருடம் ஆகியும், வாய்க்கு மட்டும் யாரும் அந்தச் செய்தியைச் சொல்லவில்லை.

லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் அவரைத் தெரியாதவர் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுக் குழுவின் கடைசி வரிசையில் நின்று அவர் அடித்தொண்டையில் இழுத்தால் முன்வரிசைக் குழந்தைகள் திரும்பிப் பார்க்கும். இப்போதெல்லாம் ஒரு அடி பாடி முடிப்பதற்குள் இரண்டு இடத்தில் மூச்சு வாங்க வேண்டியிருந்தது. ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறும்போது பாதியில் நின்று, கீழே நிற்கும் வண்டிகளை வெகு அக்கறையாகப் பார்ப்பார். டிரைவர் அல்லவா, தொழில் பற்று என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். மூச்சு சமாதானமானதும் மீதிப் படிகளை ஏறுவார். மாலையில் காலுறையைக் கழற்றினால் கணுக்காலைச் சுற்றிக் கயிறு கட்டியதுபோல் பள்ளம் விழுந்திருக்கும்.

"காலு ஏன் இப்பிடி வீங்கிக் கெடக்கு?" என்று அவர் மனைவி ஜெயசுந்தரி கேட்பாள்.

"சாக்ஸ் புதுசு புள்ள. அதான் இறுக்குது."

"நாலு மாசமா புதுசாவே இருக்காக்கும்?"

அவர் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொள்வார். நாசரேத்தில் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்து இருபத்திரண்டு வருடம் ஆகியும் ஜெயசுந்தரியின் பேச்சில் ஊர் அப்படியே இருந்தது. புருஷன் சொல்லும் சின்னப் பொய்களைக் கண்டுபிடிக்கும் திறமையும் அவளுக்கு வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டுதான் வந்தது.

நாற்பத்தைந்தைத் தாண்டிய டிரைவர்களை ரயில்வே அவ்வப்போது கூப்பிட்டுக் கண், காது, நெஞ்சு எல்லாம் சோதித்துப் பார்க்கும். தேறினால் எஞ்சின். தேறாவிட்டால் ஷெட் ஆபீஸில் ஒரு நாற்காலி, ஒரு ரிஜிஸ்டர், பென்ஷன் வரைக்கும் அதே ஜன்னல். எஞ்சின் துடைக்கிறவராக நுழைந்து, ஃபயர்மேனாகி, கூட்ஸ் ஓட்டி, கடைசியில் விஜயவாடா பாசஞ்சருக்கு வந்து சேர்ந்தவர் கிதியோன். அவரைப் பொறுத்தவரை அந்த நாற்காலியும் சவப்பெட்டியும் ஒரே மரத்தில் செய்தவை.

எழுபத்தெட்டாம் வருடம் ஜூலை மாதம் அவருடைய முறை வந்தது. டாக்டர் சாவித்ரி குள்ளமான, கண்ணாடி போட்ட, அவசரப்படாத மனுஷி. கிதியோனின் மேல் கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றினார். அது முக்கால் சுற்று வந்து நின்றுவிட்டது. கம்பவுண்டர் அப்துல் ரஹீம் அதன் நுனியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள, டாக்டர் ரப்பர் பந்தை அழுத்தினார்.

"நூத்துத் தொண்ணூத்தெட்டு."

"நம்ம லைன்ல அம்புட்டு ஸ்பீடுக்கு அனுமதி இல்லையே டாக்டரம்மா," என்றார் கிதியோன்.

ரஹீம் சிரித்துவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. காதிலிருந்த குழாயைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"உங்க வண்டிக்கு எத்தனை பெட்டி?"

"பன்னெண்டு."

"அதே எஞ்சின்ல இன்னும் ஆறு பெட்டி மாட்டினா?"

"இழுக்கும். ஆனா திணறும். ஏத்தத்துல மூச்சு முட்டி நிக்கும். தெனமும் அப்பிடி ஓட்டினா எஞ்சின் சீக்கிரமே படுத்துரும்." கிதியோனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "நான் எடுக்கவே மாட்டேன். லோடு கூடுதல்னு மெமோ எழுதிக் குடுத்துட்டு எறங்கிருவேன்."

"நல்லது. உங்க உடம்புல முப்பது கிலோ கூடுதலா மாட்டியிருக்கீங்க. சதைன்னா சும்மா தொங்குற மூட்டைன்னு நினைக்காதீங்க. அதுக்குள்ளயும் ரத்தக் குழாய் ஓடுது. அத்தனைக்கும் ரத்தம் போய்த் திரும்பணும். தள்ளுறது ஒரே ஒரு இதயம், உங்க முஷ்டி அளவு. நீங்க ட்யூட்டி முடிஞ்சு வந்து படுத்தப்புறமும் அது இழுத்துக்கிட்டே இருக்கு. பாரம் கூடக் கூட அதோட சுவர் தடிக்கும். தடிச்சா பலம்னு அர்த்தமில்ல. விறைச்சுப்போய் ஒரு நாள் களைச்சுடும். போதாததுக்குக் குழாய்க்குள்ள கொழுப்பு படியுது, உங்க பழைய பாய்லர் குழாய்ல காரை கட்டுமே, அது மாதிரி. கால் வீங்குதா?"

"சாக்ஸ் கொஞ்சம் புதுசு..."

டாக்டர் அவரையே பார்த்தார்.

"வீங்குது," என்றார் கிதியோன். பிறகு கொஞ்சம் யோசித்து, "மலை ஏத்தம் வந்தா நாங்க பின்னால இன்னொரு எஞ்சின் வச்சுத் தள்ளுவோம் டாக்டரம்மா," என்றார்.

"அது உங்ககிட்ட இல்ல."

டாக்டர் எழுத ஆரம்பித்தார். ஆறு வாரம் வண்டி கிடையாது. மாத்திரை, உப்பில்லாச் சாப்பாடு, தினமும் நடை. ஆறு வாரம் கழித்து பிரஷர் நூற்றைம்பதுக்குள் இருந்தால் எஞ்சின். இல்லாவிட்டால், எஞ்சினுக்குத் தகுதியில்லை என்று மேலிடத்துக்கு எழுத வேண்டியதுதான்.

பேனாவின் சத்தத்துக்கு நடுவே ரஹீம் மெதுவாகச் சொன்னார். "மேடம், பட்டை சின்னது. டிரைவர் சாப் கைக்குப் பத்தல. கூடக் காட்டியிருக்கும்."

"காட்டும்தான்," என்று டாக்டர் ஒப்புக்கொண்டார். "பருமனான கையில சின்னப் பட்டை சுத்தினா அளவு கூடக் காட்டும். பெரிசு கேட்டு இண்டெண்ட் போட்டு வருஷம் ஒண்ணாச்சு. எதுக்குன்னு விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பிட்டாங்க. ஆனா கிதியோன், அதுக்காக உங்க பிரஷர் சரியா இருக்குன்னு நினைச்சுக்காதீங்க. பெரிய பட்டை போட்டாலும் அதிகமாத்தான் இருக்கும்."

இதில் முதல் பாதி மட்டுமே கிதியோனின் காதில் விழுந்தது. அவர் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. "நம்ம ஆளுங்கள்ட்ட சொல்லித் தச்சுட்டு வந்தா ஒத்துக்குவீங்களா?" என்று கேட்டார். டாக்டர் அவர் கையை டேப்பால் அளந்து, பட்டையின் அகலம் இவ்வளவு, நீளம் இவ்வளவு, உள்ளே வைக்கும் ரப்பர் பை இவ்வளவு என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

ஆறு வாரத்தில் கிதியோன் நடந்தார், அது உண்மை. காலையில் கான்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பினால் ஒரு மணி நேரம் கழித்துத்தான் திரும்புவார். ஆனால் ரயில்வே கேட் முக்கில் ஒரு மிர்ச்சி பஜ்ஜிக் கடை இருந்தது. அதைத் தாண்டிப் போவது மரியாதையாக இருக்காது என்று அவருக்குப் பட்டது. அதற்கு அடுத்தாற்போல் ஒரு இரானி ஹோட்டல். அவர்கள் மனசும் நோகக் கூடாது அல்லவா. வீட்டில் ஜெயசுந்தரி உப்பில்லாமல் ரசம் வைத்தாள், தேங்காய் அரைப்பதை நிறுத்தினாள், அவளும் மகள் ஜூடித்தும் அதையே சாப்பிட்டார்கள்.

"டாடி, திஸ் இஸ் பனிஷ்மெண்ட்," என்று ஜூடித் தட்டைத் தள்ளினாள்.

"டாடி நல்லாருக்கணும்லா, சாப்பிடு," என்றாள் ஜெயசுந்தரி.

எடை நூற்றுப் பத்துக்கு இறங்கியது. கிதியோன் அதைப்பற்றிக் கவலைப்படவில்லை. அவருடைய நம்பிக்கை எல்லாம் பட்டையின் மேல் இருந்தது.

பட்டை தைக்கும் பொறுப்பைப் பக்கத்து வீட்டு உலகநாதன் ஏற்றுக்கொண்டார். அரக்கோணத்துக்காரர், ஒடிசலான ஆள், கோச் ஒர்க்‌ஷாப்பில் இருபது வருடமாக சீட்டுக்கும் பெர்த்துக்கும் ரெக்சின் தைக்கிறவர். வீட்டிலேயே கை மெஷினில் உட்கார்ந்து இரட்டைத் தையல் போட்டார். உள்ளே வைக்கும் ரப்பர் பையை மெட்டுகூடா டயர்க் கடையில் ஒட்ட வைத்து வாங்கினார். மூன்றாவது வாரமே பட்டை தயார். பச்சை ரெக்சின், ஓரத்தில் பித்தளைக் கண்ணி, கட்டுவதற்கு நாடா. அதைக் கையில் கட்டிக்கொண்டு முதல் வகுப்பில் பயணம் செய்யலாம் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரஹீம் பாதரசக் கருவியோடு வந்தார். கிதியோன் கையில் பட்டையைக் கட்டி அழுத்தினார்கள். பாதரசம் ஏறி இறங்கியது. நூற்று நாற்பத்து நாலு.

"ஸ்தோத்திரம்!" என்று கிதியோன் எழுந்தே நின்றுவிட்டார்.

ரஹீமுக்கு மட்டும் என்னவோ உறுத்தியது. அதே பட்டையை உலகநாதனின் கையில் சுற்றினார். அது தோளில் ஆரம்பித்து முழங்கையைத் தாண்டி முடிந்தது. அழுத்திப் பார்த்துவிட்டு ரஹீம் சொன்னார்: "எழுபத்தி ரெண்டு. இது நிஜம்னா நீ போன வாரமே மௌத்து, மியா."

அப்புறம்தான் டேப்பை எடுத்து அளந்தார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த அகலத்தைவிட நாலு விரல் கூடுதல். உலகநாதன் தலையில் அடித்துக்கொண்டார். பெர்த் தைக்கும்போது ரெக்சினை நாலு விரல் விட்டுத்தான் வெட்டுவார்கள். அந்த நாலு விரலைப் பலகைக்கு அடியில் மடித்து ஆணி அடிக்க வேண்டும். இருபது வருடப் பழக்கத்தில் அவர் கத்தரிக்கோல் தானாகவே நாலு விரல் விட்டு வெட்டியிருந்தது. ரப்பர் பைக்கும் அதே அளவைத்தான் டயர்க் கடையில் கொடுத்திருந்தார்.

"இன்னா பண்றது டிரைவரே, உன் கையப் பாத்தா பெர்த்து ஞாபகந்தான் வந்துச்சு," என்றார்.

எல்லோரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். கிதியோன்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

"நக்கோ, வேணாம் டிரைவர் சாப், இது செல்லாது," என்றார் ரஹீம், ஊர்ப் பேச்சும் தமிழும் கலந்து. "பட்டை பெரிசா போனா அளவு குறைச்சுக் காட்டும். நாலு விரல் வெட்டிடுங்க."

"வெட்டிரலாம், அதுக்கென்ன," என்றார் கிதியோன். பட்டையைப் பேப்பரில் சுற்றி அலமாரிக்கு மேல் வைத்தார். மறுநாள் உலகநாதன் கத்தரிக்கோலோடு வந்தபோது தலைவலி என்று படுத்துக்கொண்டார். அதற்கு மறுநாள் நடக்கப் போயிருந்தார். ஒரு வாரம் கழித்து ஜெயசுந்தரி கேட்டாள்: "அத வெட்டியாச்சா?"

"அன்னைக்கே வெட்டியாச்சே."

அவள் அலமாரியை ஒரு தரம் பார்த்தாள், அவரை ஒரு தரம் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். எப்போதும் பதிலுக்குப் பதில் பேசுகிறவள் அன்றைக்குப் பேசாமல் போனது கிதியோனுக்கு என்னவோ போல் இருந்தது. அந்த நினைப்பை அவர் பஜ்ஜிக் கடை வரைக்கும் நடத்திக்கொண்டு போய் அங்கே விட்டுவிட்டு வந்தார்.

ஆறு வாரம் முடிந்தது. சோதனை நாளன்று ஜெயசுந்தரியும் கூட வருகிறேன் என்று கிளம்பினாள். உலகநாதன் அரை நாள் லீவு போட்டுவிட்டு, சம்பங்கி மாலை ஒன்றை வாழையிலையில் கட்டி எடுத்துக்கொண்டு வந்தார். அவர்கள் இருவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கிதியோன் உள்ளே போனபோது ரஹீம் இல்லை. மௌலா அலி டிஸ்பென்சரிக்கு அன்றைக்கு மாற்று ட்யூட்டியாகப் போயிருந்தார். கிதியோனுக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருக்கிறதே என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

டாக்டர் பச்சைப் பட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடேயப்பா, கம்பெனி சாமான் தோத்துது," என்றார். கிதியோன் கையின் பருமனில் அது பெரிதாகத் தெரியவில்லை. வெளியே வரிசை நீண்டுகொண்டே இருந்தது. டாக்டர் நாடாவைக் கட்டி, அழுத்தி, காதில் குழாயை வைத்துக் கேட்டார். பாதரசம் மெல்ல இறங்கியது.

"நூத்தி நாப்பத்தாறு. பரவாயில்லையே கிதியோன்! நான் நம்பிக்கையே வைக்கல." அவர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பேனாவைத் திறந்தார்.

கிதியோன் அந்தப் பேனாவையே பார்த்தார். மனசுக்குள் விஜயவாடா பாசஞ்சர் ஊதிவிட்டது. இன்னும் ஒரே ஒரு வார்த்தை, நாளைக்குக் காலையில் அந்த மெத்தை இருக்கை. நெஞ்சு அடித்துக்கொள்ளும் சத்தம் அவருக்கே காதில் கேட்டது. அது சந்தோஷத்தில் அடிக்கிறதா, இல்லை பாரம் தாங்காமல் அடிக்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதுதான் அவரைப் பிடித்து உலுக்கியது.

கூட்ஸ் டிரைவராக இருந்தபோது ஒரு நாள் காஜிபேட்டையில் எஞ்சினில் ஏறினார். நீராவி அழுத்தம் காட்டும் கேஜின் முள் பாதியில் ஒட்டிக்கொண்டு நின்றது. உள்ளே அழுத்தம் எவ்வளவு என்று அது சொல்லவே இல்லை. சமாளித்துக்கொண்டு போ என்றார் ஃபோர்மேன். கேஜ் பொய் சொல்கிற எஞ்சினை என் அப்பன் வந்து சொன்னாலும் எடுக்க மாட்டேன் என்று கிதியோன் கீழே இறங்கித் தண்டவாளத்துப் பக்கத்தில் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார். வண்டி மூன்று மணி நேரம் தாமதம். அதற்கு விழுந்த வசவை எல்லாம் அவர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். அது வெறும் கல்லும் கரியும் ஏற்றிய வண்டி. இப்போது அவருக்குப் பின்னால் பன்னிரண்டு பெட்டி நிறைய ஜனங்கள் தூங்கிக்கொண்டு வருவார்கள்.

"டாக்டரம்மா," என்றார். "எழுதாதீங்க."

"ஏன்?"

"கேஜ் பொய் சொல்லுது."

டாக்டர் பேனாவை மூடிவிட்டு முழுவதையும் கேட்டார். பலகை, ஆணி, நாலு விரல், தலைவலி எல்லாவற்றையும் கிதியோன் ஒன்று விடாமல் சொன்னார். டாக்டர் திட்டவில்லை. பழைய சின்னப் பட்டையை எடுத்து, முழங்கைக்குக் கீழே அவருடைய முன்கையில் கட்டினார். அங்கே அது சுற்றி வந்தது. மணிக்கட்டில் குழாயை வைத்துக் கேட்டார். "இதையும் முழுசா நம்ப முடியாது. ஆனா உங்க ரெக்சினுக்கு இது எவ்வளவோ யோக்கியம்," என்றார். இரண்டு தடவை பார்த்தார். இரண்டு தடவையும் நூற்று எழுபத்தாறுக்குப் பக்கத்தில் நின்றது.

"மூணு மாசம் வண்டி கிடையாது. மேல எழுதறதை அதுவரைக்கும் நிறுத்தி வைக்கிறேன். பதினஞ்சு கிலோவாவது இறங்கணும். மாத்திரையை ஒரு நாள்கூட விடக் கூடாது. மூணு மாசம் கழிச்சும் இதே அளவுல நின்னா, நாற்காலிதான். என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

"சரிம்மா."

"ஆறு வாரத்துல உங்க உடம்புக்கு நடந்த முதல் வைத்தியம் இப்ப நீங்க வாயைத் திறந்ததுதான்," என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கிதியோன் வெளியே வந்ததும் உலகநாதன் வாழையிலையைப் பிரித்தார். கிதியோன் தலையை ஆட்டினார். நடந்ததைச் சொன்னார். உலகநாதன் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"யோவ், அந்தம்மா எழுதத்தான் போச்சுன்னு சொல்றியே, கம்முனு இருந்திருக்கலாம்ல?"

கிதியோன் பெஞ்சில் ஜெயசுந்தரியின் பக்கத்தில் உட்கார்ந்தார். பெஞ்சு முனகியது.

"அத நான் வெட்டல," என்றார்.

"தெரியும்."

"நடக்கப் போறேன்னுட்டு கேட்டு முக்குல மிர்ச்சி பஜ்ஜி தின்னேன். தெனமும் நாலு."

"ஆறு," என்றாள் ஜெயசுந்தரி. "கடக்காரரே சொல்லிட்டாரு."

"சாக்ஸும் புதுசு இல்ல."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். "பொய்ப் பட்டைய கட்டிட்டு வண்டியில ஏறிருவியளோன்னு ரெண்டு வாரமா எனக்குத் தூக்கம் இல்ல," என்றாள். "எங்கயாவது நடு வழியில வண்டி நின்னுபோச்சு, டிரைவருக்கு என்னமோ ஆயிட்டுன்னு ஆள் வந்து சொல்லுவாவளோன்னு வாசலையே பாத்துட்டுக் கெடந்தேன். எஞ்சின் போனா போவுது. எனக்கு எஞ்சினா பெருசு? நீங்க இருக்கியள்லா."

கிதியோனுக்கு அழுகை வந்துவிட்டது. நூற்றுப் பத்து கிலோவும் குலுங்கக் குலுங்க, வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்க்க அவர் அழுதார். உலகநாதன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிதியோன் எழுந்தார். மூன்று பேரும் வெயிலில் நடக்க ஆரம்பித்தார்கள்.

கொஞ்ச தூரம் போனதும் அவர் கேட்டார்: "மத்தியானத்துக்கு என்ன புள்ள?"

"வெண்டிக்கா. ரெண்டு சப்பாத்தி. மோரு."

"வெண்டிக்காய்க்குக் கொஞ்சூண்டு உப்பு?"

இருபத்திரண்டு வருடமாக இந்த ஊர்ப் பேச்சில் ஒரு வார்த்தையைக்கூட நாக்கில் ஏற்றாத ஜெயசுந்தரி, நடையை நிறுத்தாமல், அவர் பக்கம் திரும்பாமல் சொன்னாள்:

"நக்கோ."